பெருங்குடலுக்கும் பசிக்கும்

போன ஐப்பசியில் கடைவாய்ப் பல் ஒன்று சீழ் பிடித்து, கன்னம் கொழுக்கட்டை மாதிரி வீங்கிவிட்டது. பிடுங்குவதற்கு முன் வீக்கம் வடிய வேண்டும் என்று பல் டாக்டர் ஐந்து நாளைக்கு ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார். மருந்துக்கடையில் சீட்டை நீட்டினேன். பையன் மாத்திரையோடு இன்னொரு கேப்சூல் அட்டையையும் சேர்த்து வைத்தான்.

"இது என்னப்பா, டாக்டர் எழுதலையே?"

"நல்ல பாக்டீரியா சார். அந்த மாத்திரை வயித்துல இருக்கிற நல்லதையும் சேர்த்துக் கொன்னுடும். இதைப் போட்டா திரும்ப வந்துடும்."

ஊருக்குப் போன குடித்தனக்காரர் மறுநாள் காலை பஸ்ஸில் வந்து இறங்கிவிடுவார் என்பது மாதிரிச் சொன்னான். வாங்கிக்கொண்டேன். மூன்றாம் நாளே பேதி ஆரம்பித்துவிட்டது. நான்காம் நாள் குடியாத்தத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் மஞ்சள் நீராட்டு விழா. தாய்மாமன் முறை, போகாமல் இருக்க முடியாது. சென்னையிலிருந்து பஸ்ஸில் எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்பதை எழுதாமல் விடுகிறேன்.

வாசலில் என்னைப் பார்த்ததுமே அத்தை, "இன்னாடா, கருவாடு மாதிரி காஞ்சி போய் கீற?" என்றாள். விஷயத்தைச் சொன்னேன். உள்ளே போய் முதல் நாள் சோற்றை அதன் தண்ணீரோடு கையால் கரைத்து, உப்புப் போட்டு, இரண்டு சின்ன வெங்காயத்தோடு ஒரு சொம்பு கொண்டுவந்து வைத்தாள். "குடி. வயிறு கட்டிக்கும்." சாயங்காலம் இன்னொரு சொம்பு.

இரண்டு நாளில் சரியாகிவிட்டது. மாத்திரையும் அதற்குள் முடிந்திருந்தது, அதனால் அத்தையின் சொம்பா, மாத்திரை நின்றதா, கேப்சூலா, எதற்கு மாலை போடுவது என்று தெரியாது. நான் ஆடிட்டர் அலுவலகத்தில் முப்பது வருடமாகக் கணக்குப் பார்ப்பவன். ஒரு வரவுக்கு மூன்று பேர் சொந்தம் கொண்டாடினால் ரசீதைத் தேடாமல் எனக்குத் தூக்கம் வராது. அப்படித் தேடப் போனதில், ரசீதுகளில் பாதி எங்கள் மாவட்டத்திலேயே, வேலூரிலேயே கிடந்தன. அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் தலைக்கணக்கு. "உடம்பில் இருக்கிற மனித செல் ஒன்றுக்குப் பத்து பாக்டீரியா" என்று நானே அலுவலகத்தில் பலமுறை அளந்திருக்கிறேன். அது 1972-இல் தாமஸ் லக்கி என்ற நுண்ணுயிரியலாளர் போட்ட ஒரு தோராயக் கணக்கு. நாற்பது வருடத்துக்கு மேல் யாரும் திருப்பிக் கூட்டிப் பார்க்காமல் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிக்கொண்டே வந்துவிட்டார்கள். 2016-இல் ரான் செண்டர், ஷை ஃபுக்ஸ், ரான் மிலோ என்ற மூன்று பேர் உட்கார்ந்து முதலிலிருந்து கூட்டினார்கள். 70 கிலோ எடையுள்ள ஓர் ஆளின் உடம்பில் பாக்டீரியா சுமார் 38 லட்சம் கோடி. அவருடைய சொந்த செல்கள் சுமார் 30 லட்சம் கோடி, அதிலும் பெரும்பங்கு ரத்தச் சிவப்பணுக்கள். ஆக ஏறக்குறைய சரிக்குச் சரி. ஒருமுறை வெளிக்குப் போய்வந்தால் கணக்கு மனிதன் பக்கம் சாய்ந்துவிடலாம் என்று அவர்களே வேடிக்கையாக எழுதினார்கள். எடையைப் பார்த்தால் எல்லாம் சேர்ந்து 200 கிராம்தான். பத்துக்கு ஒன்று என்பதைவிட இந்த 200 கிராம்தான் எனக்கு ஆச்சரியம். கால் கிலோவுக்கும் குறைந்த ஒரு கூட்டம் இவ்வளவு வேலை செய்கிறதே!

இந்தக் கூட்டம் வயிறு முழுக்கப் பரவிக் கிடக்கவில்லை. இரைப்பையில் அமிலம், அங்கே தாக்குப்பிடிப்பவை சொற்பம். சிறுகுடலில் எல்லாம் வேகமாக ஓடிக்கொண்டிருப்பதால் அங்கேயும் நெரிசல் இல்லை. பெருங்குடலுக்கு வந்தால்தான் திருவிழாக் கூட்டம்: ஒரு மில்லிலிட்டரில் பத்தாயிரம் கோடி என்ற அளவில். பாதிக்கும் மேற்பட்டவற்றுக்குக் காற்றுப் பட்டாலே ஆகாது. அதனால்தான் ரொம்ப காலம் இவற்றைச் சோதனைக்கூடத்தில் வளர்க்கவே முடியவில்லை.

பெருங்குடலுக்கு மருத்துவத்தில் வெகுநாள் மரியாதையே இல்லை. சாப்பாட்டைச் செரிப்பது சிறுகுடல், மிச்சத்திலிருந்து தண்ணீரை உறிஞ்சிவிட்டுக் கழிவைச் சேர்த்துவைக்கிற குப்பைத்தொட்டி பெருங்குடல் என்றுதான் நாம் பள்ளியில் படித்தோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் ஆர்பத்நாட் லேன் என்ற பெரிய அறுவை மருத்துவர், அதில் தங்கும் கிருமிகள் உடம்பையே விஷமாக்குகின்றன என்று நம்பி, மலச்சிக்கலுக்காகப் பெருங்குடலையே வெட்டி எடுத்தார். அதே காலத்தில் பாரிஸில் மெட்ச்னிகாஃப் என்ற விஞ்ஞானி, தயிரில் இருக்கும் கிருமிகளை அனுப்பி அந்தக் கெட்ட கிருமிகளை அடக்கலாம் என்றார். அவர் 1908-இல் நோபல் பரிசு வாங்கியது நோய் எதிர்ப்பு பற்றிய வேறு ஆராய்ச்சிக்கு. தினமும் புளித்த பால் குடித்தார், 71 வயதில் இறந்தார். மருந்துக்கடைப் பையன் எனக்குச் சொன்னது மெட்ச்னிகாஃப் சொன்னதுதான். நூறு வருடத்தில் அது ஒரு அட்டைக்குள் போய்விட்டது.

சரி, அந்த 200 கிராம் என்ன சாப்பிடுகிறது? நாம் விட்டதை. அரிசி, கோதுமையில் உள்ள மாவுச்சத்தில் பெரும்பகுதியைச் சிறுகுடலே வெட்டிச் சர்க்கரையாக்கி உறிஞ்சிக்கொள்ளும். நம் நொதிகளுக்கு வெட்டத் தெரியாத பொருட்கள் உண்டு: கீரைத்தண்டின் நார், பயறுகளின் தோல், வாழைக்காயில் உள்ள மாவு, ஆறிப்போன சோற்றில் இறுகிவிட்ட மாவு. இவை அப்படியே கீழே போகும். பெருங்குடல் பாக்டீரியா அவற்றைப் புளிக்கவைத்து அசிட்டேட், ப்ரோபியோனேட், பியூட்டிரேட் என்ற சின்னச் சின்னக் கொழுப்பு அமிலங்களாக மாற்றும். இந்த பியூட்டிரேட்தான் பெருங்குடலின் உட்சுவர் செல்களுக்கு முக்கியமான சாப்பாடு, அவற்றின் சக்தியில் சுமார் 70 சதவீதம் இதிலிருந்து வருகிறது. உடம்பின் மற்ற செல்கள் ரத்தத்தில் வரும் சத்தை நம்பிப் பிழைக்கும்போது, இந்தச் சுவர் மட்டும் குடித்தனக்காரர்கள் சமைத்துத் தருவதைத் தின்று வாழ்கிறது. நாம் வாய்க்கு ருசியாக மைதாவும் சர்க்கரையும் மட்டும் தின்றுகொண்டிருந்தால் அவ்வளவும் மேல் மாடியிலேயே தீர்ந்துவிடும். கீழே உலை வைக்க ஒன்றும் இருக்காது.

வேலூர் இங்கேதான் வருகிறது.

காலரா என்றால் என்ன நடக்கிறது? கிருமியின் நச்சு சிறுகுடலைக் குழாய் திறந்துவிட்டது மாதிரித் தண்ணீரைக் கொட்டவைக்கும். ஒரு நாளில் பத்து லிட்டருக்கு மேல் போகலாம். அந்தத் தண்ணீரையும் உப்பையும் திருப்பிக் கொடுத்தால் ஆள் பிழைப்பார். வாயாலேயே கொடுக்கலாம், ஆனால் உப்புத் தண்ணீரை மட்டும் கொடுத்தால் உறிஞ்சாது. கொஞ்சம் சர்க்கரை சேர்த்தால் சர்க்கரை உள்ளே போகும்போது உப்பையும் கையைப் பிடித்து அழைத்துப் போகும், உப்புக்குப் பின்னால் தண்ணீர் போகும். ஓஆர்எஸ் பொட்டலத்தின் ரகசியம் அவ்வளவுதான். 1971-இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோனபோது, திலீப் மஹாலநாபிஸ் என்ற டாக்டர் இந்தக் கரைசலைப் பீப்பாய்களில் கலக்கி உறவினர்கள் கையாலேயே கொடுக்கவைத்தார். 30 சதவீதம் அளவில் இருந்த சாவு, 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது.

ஓஆர்எஸ்ஸில் ஒரு குறை உண்டு. உயிரைக் காப்பாற்றும், ஆனால் பேதியை நிறுத்தாது. போகிற அளவு குறையாது, போகிற நாளும் குறையாது. பிள்ளைக்கு இதைக் கொடுக்கும் தாய் என்ன பார்ப்பாள்? "கொடுக்கக் கொடுக்கப் போய்க்கிட்டேதான் இருக்கு." பாதியில் நிறுத்திவிட்டு ஊசி போடும் இடத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். அவளைக் குறை சொல்ல முடியாது.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பி. எஸ். ராமகிருஷ்ணாவும் அவருடன் இருந்தவர்களும் கேட்ட கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்தது. ஓஆர்எஸ் முழுக்கச் சிறுகுடலைத்தான் நம்புகிறது, அதுதான் ஒழுகிக்கொண்டிருக்கிறதே! கீழே ஒன்றரை மீட்டர் நீளத்துக்குப் பெருங்குடல் சும்மா கிடக்கிறது. தண்ணீர் உறிஞ்சுவதுதான் அதன் பிறவித் தொழில், தேவைப்பட்டால் நாளுக்கு நாலைந்து லிட்டர் வரை இழுக்கக்கூடியது. அதை வேலைக்குக் கூப்பிட்டால் என்ன? கூப்பிடுவதற்கு வழி, அங்கே இருக்கும் பாக்டீரியாவுக்குச் சோறு போடுவது. அவை புளிக்கவைத்து உண்டாக்கும் கொழுப்பு அமிலங்களைப் பெருங்குடல் உறிஞ்சும்போது உப்பும் கூடவே போகும். உப்பு போனால் தண்ணீர் போகும். மேலே சர்க்கரை செய்த தரகு வேலையைக் கீழே இந்த அமிலம் செய்யும்.

காலரா வந்த 48 பேரை மூன்றாகப் பிரித்தார்கள், 16 பேர் வீதம். ஒரு கூட்டத்துக்கு வழக்கமான ஓஆர்எஸ். இரண்டாவதற்கு அதில் லிட்டருக்கு 50 கிராம் அரிசி மாவு. மூன்றாவதற்கு 50 கிராம் மக்காச்சோள மாவு. சாதாரண சோள மாவு இல்லை, சிறுகுடல் வெட்டமுடியாமல் கீழே போய்ச்சேரும் வகை. பேதி நின்று முதன்முதலாக மலம் கட்டியாக வருவதற்கு எவ்வளவு மணி நேரம் ஆனது என்று பார்த்தார்கள். வெறும் ஓஆர்எஸ்ஸுக்குச் சராசரியாக 90.9 மணி. அரிசி மாவுக்கு 70.8 மணி. கீழே போகும் மாவுக்கு 56.7 மணி. ஏறக்குறைய ஒன்றரை நாள் மிச்சம். 2000-ஆம் ஆண்டு நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. பிறகு குழந்தைகளுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள், அதிலும் பலன் இருந்தது.

இதைப் படித்த அன்று ராத்திரி அத்தையின் சொம்பு ஞாபகம் வந்தது என்று சொல்லத் தேவையில்லை. வெந்த சோறு ஆறும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு பங்கு திரும்ப இறுகி, நம் நொதிக்கு வளையாததாக மாறிவிடுகிறது. ராத்திரி முழுக்கத் தண்ணீரில் கிடந்து புளித்த சோற்றில் அது இருக்கிறது, புளிக்கவைத்த லாக்டிக் அமில பாக்டீரியாவும் இருக்கிறது. "பார்த்தாயா, நம் முன்னோர்கள்..." என்று ஆரம்பிக்க எனக்கும் வாய் துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன். வேலூரில் கொடுத்தது லிட்டருக்கு 50 கிராம், அளந்து எடுத்த தனி மாவு. அத்தை கரைத்த ஒரு பிடி சோற்றில் அந்தக் கணக்கு எங்கே வரப்போகிறது? உப்பும் அவள் கை அளவுதான். குழந்தைக்குப் பேதி என்றால் நீராகாரத்தை ஓஆர்எஸ்ஸுக்குப் பதிலாக நம்பிவிடக் கூடாது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் குடல் நோயாளிகளுக்குப் பழைய சோறு பலன் தருமா என்று பார்க்க மாநில அரசே ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கியிருக்கிறது. அதுதான் முறை. பெருமையை முடிவு வந்த பிறகு பேசிக்கொள்ளலாம்.

இட்லி விஷயத்தில் எனக்கு வாட்ஸ்ஆப்போடு ஒரு தகராறு உண்டு. "இட்லியில் கோடிக்கணக்கான நல்ல பாக்டீரியா" என்று உறவினர் குழுவில் மாதம் ஒருமுறை வரும். மாவைப் பொங்கவைப்பது லூகோனோஸ்டாக் என்ற பாக்டீரியாதான், வாஸ்தவம். ஆனால் அந்த மாவை நாம் ஆவியில் வேகவைக்கிறோமே! தட்டில் வரும்போது அதில் உயிரோடு ஒன்றும் இருக்காது. அவை செய்துவைத்துவிட்டுப் போன புளிப்பும் மென்மையும் மட்டும் இருக்கும். உயிரோடு வேண்டுமென்றால் தயிர், மோர், பழையது. நான் இதைக் குழுவில் எழுதியபோது சித்தப்பா ஒருவர் மூன்று நாள் பேசவில்லை.

இனி எனக்கு ரசீதுகளிலேயே பெரிய அதிர்ச்சியாக இருந்தது. இதற்கு என் மாமனார் வழியாக வரவேண்டும்.

நாலு வருடத்துக்கு முன் அவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தபோது சிறுநீரில் தொற்று. ரிப்போர்ட்டில் க்ளெப்சியெல்லா என்று இருந்தது. எந்த மருந்துக்கும் அடங்காத வகை. டாக்டர் அந்தப் பெயரை உச்சரித்த விதத்திலேயே அது எவ்வளவு பொல்லாதது என்று புரிந்துவிட்டது. பதினெட்டு நாள் போராடி மீண்டார். அன்றிலிருந்து அந்தப் பெயர் எங்கள் வீட்டில் ஒரு வில்லன் பெயர்.

அந்த வில்லனை 1980-ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் வந்த ஒரு சின்னக் கட்டுரையில் வேறு வேஷத்தில் பார்த்தேன். எழுதியவர்கள் ஆல்பர்ட், மாத்தன், பேக்கர். மூவரும் வேலூர்க்காரர்கள் என்றே சொல்லலாம், பேக்கர் பிறந்தது ஆஸ்திரேலியாவாக இருந்தாலும். விஷயம் வைட்டமின் பி12. இதைச் செடியும் செய்யாது, விலங்கும் செய்யாது. பாக்டீரியாவுக்கும் அதன் சில நுண்ணுயிர்ச் சொந்தங்களுக்கும் மட்டுமே செய்யத் தெரியும். ஆட்டுக்கறியில் பி12 இருக்கிறதென்றால் அது ஆட்டின் இரைப்பையில் குடியிருக்கும் பாக்டீரியாவின் புண்ணியம். நம் பெருங்குடலிலும் அவை ஏராளமாகச் செய்கின்றன, ஆனால் வீண். பி12-ஐ உறிஞ்சும் இடம் சிறுகுடலின் கடைசிப் பகுதி. பெருங்குடலில் உண்டாவது அந்த இடத்தைத் தாண்டிய பிறகு உண்டாவது. பஸ் போன பிறகு டிக்கெட் வாங்கிய கதை.

அப்படியென்றால் கறி மீன் அதிகம் சாப்பிடாத தென்னிந்தியக் கிராமத்து ஆட்களில் பலருக்குப் பி12 பற்றாக்குறையின் கடும் நோய் ஏன் வரவில்லை? ஆரோக்கியமாக இருந்தவர்களின் சிறுகுடலிலிருந்து நீரை எடுத்து அதில் வளரும் கிருமிகளைச் சோதித்தார்கள். அங்கே இரண்டு வகைகள் பி12 செய்துகொண்டிருந்தன. ஒன்று சூடோமோனாஸ். மற்றது, ஆமாம், க்ளெப்சியெல்லா. பஸ் வருவதற்கு முன்பே, நிறுத்தத்துக்கு மேலேயே உட்கார்ந்து டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தன.

(இதைப் படித்துவிட்டு யாரும் பி12 மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். நம் ஊரில் சைவச் சாப்பாட்டுக்காரர்களிடம் பி12 குறைவது சர்வ சாதாரணம். எல்லோருடைய சிறுகுடலிலும் இந்த ஏற்பாடு போதுமான அளவில் நடக்கிறது என்று அந்தக் கட்டுரை சொல்லவில்லை.)

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1960-களின் தொடக்கத்தில் வட ஆற்காட்டுக் கிராமங்களில் ட்ராபிக்கல் ஸ்ப்ரூ என்ற நோய் கொள்ளைநோய் மாதிரி பரவியது. நிற்காத பேதி, நாக்குப் புண், சோகை, தின்றது எதுவும் ஒட்டாமல் ஆள் எலும்பும் தோலுமாகிவிடுவது. பேக்கரும் மாத்தனும் வருடக்கணக்கில் ஊர் ஊராகப் போய் அதைப் படித்தார்கள். போலிக் அமிலமும் டெட்ராசைக்ளினும் கொடுத்தால் பலர் தேறினார்கள். ஆன்டிபயாடிக்குக்குக் கேட்கிறதென்றால் கிருமிக்கும் இதில் பங்கு இருக்க வேண்டும். கரீபியன் தீவுகளில் அதே நோயை ஆராய்ந்தவர்கள் நோயாளிகளின் சிறுகுடலில் பெருகியிருந்த கிருமிகளைப் பட்டியல் போட்டபோது, அதிலும் க்ளெப்சியெல்லா இருந்தது. ஒரே பெயர். ஓர் இடத்தில் வைட்டமின் கொடுக்கிறது, ஓர் இடத்தில் சிறுகுடலைக் கெடுப்பதாகச் சந்தேகப்படுகிறார்கள், என் மாமனாரின் சிறுநீர்ப்பையில் உயிரையே கேட்கிறது.

மருந்துக்கடைப் பையன் சொன்ன 'நல்ல பாக்டீரியா' என்ற சொல் எனக்கு உறுத்த ஆரம்பித்தது இங்கேதான். பாக்டீரியாவுக்கு ஜாதகம் எழுதி நல்லது, கெட்டது என்று இரண்டு கட்டத்துக்குள் போட்டுவிட முடியவில்லை. எங்கே இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, பக்கத்தில் யார் இருக்கிறார்கள், சாப்பிட என்ன கிடைக்கிறது என்று நாலு விஷயம் பார்க்க வேண்டியிருக்கிறது.

மாமனாரை விட்டுவிடுவதற்கு முன் அவருடைய மாத்திரை டப்பாவிலிருந்து ஒன்று. இதயத் துடிப்புக்காக அவர் டிஜாக்சின் சாப்பிட்டுவந்தார். சிலருடைய குடலில் எகர்தெல்லா லென்டா என்ற பாக்டீரியா இந்த மருந்தை உடைத்து உதவாக்கரையாக்கிவிடும். எத்தனை பேருக்கு இப்படி ஆகிறது என்று நியூயார்க்கிலும் தென்னிந்தியாவிலும் ஒப்பிட்டு, மாத்தனும் நியூயார்க்கின் லிண்டன்பாமும் சேர்ந்து 1989-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நியூயார்க்காரர்களில் ஏறக்குறைய 36 சதவீதம். நம் பக்கம் 14 சதவீதத்துக்கும் குறைவு. ஒரே மாத்திரை, ஒரே அளவு. விழுங்கிய பிறகு அதற்கு என்ன ஆகும் என்பதில் வயிற்றுக்குள் இருப்பவர்களுக்கும் ஓட்டு இருக்கிறது. இந்த பாக்டீரியா இருக்கும் ஒருவருக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தால், அதை உடைக்க ஆளில்லாமல் ரத்தத்தில் டிஜாக்சின் அளவு திடீரென்று ஏறிவிடும். அது ஆபத்து.

இப்போது கேப்சூலுக்கு வரலாம். என் 180 ரூபாய் அதில் இருக்கிறது.

இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் 21 பேருக்கு ஆன்டிபயாடிக் கொடுத்து, குடல் பாக்டீரியாவைக் குலைத்துவிட்டு, பழைய நிலைக்கு எப்படித் திரும்புகிறது என்று பார்த்தார்கள். 2018-இல் முடிவு வந்தது. சும்மா விட்டவர்களுக்குச் சில வாரங்களில் பெரும்பாலும் திரும்பிவிட்டது. ஆன்டிபயாடிக்குக்கு முன்னால் எடுத்துவைத்த அவரவர் மலத்தையே திரும்ப உள்ளே செலுத்தியவர்களுக்குச் சில நாட்களில் திரும்பியது. ப்ரோபயாடிக், அதாவது என் கேப்சூல் மாதிரி உயிருள்ள பாக்டீரியா சாப்பிட்டவர்களுக்குத்தான் மாதக்கணக்கில் தாமதமானது. கேப்சூலில் வந்தவை காலி வீட்டில் புகுந்து உட்கார்ந்துகொண்டு, பழைய குடித்தனக்காரர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டன. 21 பேர் என்பது சின்னக் கூட்டம், இதை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. ஆன்டிபயாடிக்கால் வரும் பேதியைச் சில ப்ரோபயாடிக் வகைகள் குறைக்கின்றன என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. பேதி குறைவது ஒன்று, பழைய கூட்டம் திரும்புவது இன்னொன்று. "இதைப் போட்டா திரும்ப வந்துடும்" என்று பையன் சொன்னதற்குத்தான் ரசீது கிடைக்கவில்லை.

கேப்சூல் எல்லாமே ஏமாற்று என்று எழுதிவிட்டுப் போகவும் மனம் ஒப்பவில்லை, காரணம் ஒடிசா. அங்கே கிராமங்களில் 4,556 பச்சிளம் குழந்தைகளை வைத்து பினாகி பாணிக்ராஹி குழு செய்த ஆய்வு 2017-இல் வந்தது. பாதிப் பேருக்கு லாக்டோபாசிலஸ் பிளாண்டாரம் என்ற பாக்டீரியாவை, அது சாப்பிடக்கூடிய ஒருவகைச் சர்க்கரையோடு சேர்த்து ஒரு வாரம் கொடுத்தார்கள். அடுத்த இரண்டு மாதத்தில் ரத்தத்தில் கிருமி பரவும் நோயோ மரணமோ நேர்ந்தது 5.4 சதவீதம். வெறும் பொடி கொடுத்த மற்றப் பாதியில் 9 சதவீதம். இது சாதாரண வித்தியாசம் இல்லை. பிறந்த குழந்தையின் குடல், இன்னும் யாரும் குடிவராத புது வீடு. பாக்டீரியாவை அனுப்பும்போது கையில் சாப்பாட்டையும் கட்டிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

கட்டிக் கொடுப்பது தாய்ப்பால் காலங்காலமாகச் செய்வதுதான். தாய்ப்பாலில் சர்க்கரை, கொழுப்புக்கு அடுத்தபடியாக அதிகம் இருக்கும் திடப்பொருள், ஒலிகோசாக்கரைடு என்ற சங்கிலிச் சர்க்கரைகள். நூற்றுக்கு மேற்பட்ட வகைகள். குழந்தையால் அவற்றைச் செரிக்கவே முடியாது. தன் உடம்பை உருக்கி ஒரு தாய், பிள்ளைக்குச் செரிக்காத ஒன்றை ஏன் பாலில் வைக்க வேண்டும்? அது பிள்ளைக்கு அல்ல, பிள்ளையின் குடலில் இருக்கும் பைஃபிடோபாக்டீரியா என்ற வகைக்கு. அவை அதைத் தின்று அமிலம் உண்டாக்கி, நோய்க்கிருமிகள் காலூன்றாமல் பார்த்துக்கொள்ளும்.

டாக்காவில் மிர்பூர் என்ற குடிசைப்பகுதி இருக்கிறது. அங்கே ஒன்று, ஒன்றரை வயதில் ஊட்டம் குன்றிய குழந்தைகளின் குடல் பாக்டீரியாவைப் பார்த்தால், வயதுக்கேற்ற வளர்ச்சி அதற்கும் இல்லை. பால்குடிக் குழந்தையினுடையது மாதிரியே நின்றுபோயிருந்தது. அமெரிக்காவின் ஜெஃப்ரி கார்டனும் டாக்காவின் தஹ்மீத் அஹ்மதும் சேர்ந்து, பிள்ளைக்கு மட்டுமல்லாமல் அதன் பாக்டீரியாவுக்கும் வளர்ச்சி தரும் ஒரு கலவையைத் தேடினார்கள். கடைசியில் தேர்ந்தது கடலை மாவு, வேர்க்கடலை மாவு, சோயா மாவு, வாழைக்காய். ஏறக்குறைய நம் வீட்டு மளிகைப் பட்டியல். வழக்கமாகக் கொடுக்கும் சத்துணவுக் கலவையைவிட இதில் கலோரி குறைவு. இருந்தும் குழந்தைகள் இதில்தான் அதிக வேகத்தில் எடை போட்டார்கள். 2021-இல் வந்த இந்த முடிவைப் படித்தபோது ஒரு கணக்கனாக எனக்கு எரிச்சலே வந்தது. உள்ளே போனது குறைவு, சேர்ந்தது அதிகம், எந்த ஐந்தொகையில் இதை எழுதுவது?

எல்லா ரசீதும் இப்படிச் சந்தோஷமாக முடிவதில்லை. போலியோ சொட்டு மருந்து நம் ஊர்க் குழந்தைகளுக்கு மேல்நாட்டு அளவுக்குப் பிடிப்பதில்லை என்பதை வேலூரில் ஜேக்கப் ஜான் 1970-களிலேயே கவனித்தார். குடலில் கிருமிகள் நெரிசலாக இருப்பதுதான் காரணமோ என்று பலருக்குச் சந்தேகம். அதே வேலூரில் 754 குழந்தைகளை வைத்துச் சோதித்தார்கள். பாதிப் பேருக்குத் தடுப்பு மருந்துக்கு முன் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். நோய்க்கிருமிகள் குறைந்தன, குடல் அழற்சியும் குறைந்தது. தடுப்பு மருந்து மட்டும் கொஞ்சமும் கூடுதலாகப் பிடிக்கவில்லை. இதையும் மறைக்காமல் 2016-இல் வெளியிட்டார்கள்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அத்தையிடம் இதையெல்லாம் சொன்னேன். திண்ணையில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். க்ளெப்சியெல்லாவும் பியூட்டிரேட்டும் அவள் காதில் ஏறவில்லை, வேலூர் என்ற பேர் மட்டும் ஏறியது.

"ஆமாண்டா, எனக்குக் கல்யாணம் ஆவறதுக்கு முன்னாடி வேலூர்லேர்ந்து ஜீப்புல வருவாங்க. வூடு வூடா டப்பா குடுத்துட்டுப் போவாங்க. பேர் எழுதி ஒட்டி இருக்கும். காத்தால வெளிக்குப் போயி அதுல எடுத்து வெக்கணும். வந்து வாங்கினு போவாங்க."

எந்த ஆராய்ச்சிக்கு என்று அவளுக்குத் தெரியாது. எனக்கோ மயிர்க்கூச்செறிந்தது. நான் இரண்டு மூன்று மாதமாகத் தேடிப் படித்த எண்களில் எதிலாவது ஓர் ஓரத்தில் என் அத்தையும் ஒரு ஆளாக இருக்கலாம். இதைச் சொன்னேன். உனக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா அத்தை என்று கேட்டேன்.

அத்தை மொச்சை உரிப்பதை நிறுத்திவிட்டு, யாராவது கேட்கிறார்களா என்று தெருவைப் பார்த்தாள்.

"என் பேர் எழுதின டப்பாவுல இருந்தது எங்க அண்ணனுதுடா. எனக்கு அன்னிக்கு வரல. அவங்க வந்து நிக்கறாங்க, இன்னா பண்றது? உங்க அப்பன்தான் ரெண்டு டப்பாவையும் ரொப்பிக் குடுத்தான்."